சாக்குப் போடாத தலையாட்டி

1

யுத்தம் முடிந்து ஐம்பது வருடமாகிறது என்று இந்த மே மாதம் ஜேர்மனி முழுவதும் ஒரே பேச்சு. தொலைக்காட்சியைத் திறந்தால் இடிந்த நகரங்கள், பேப்பரைத் திறந்தால் கிழவர்களின் படங்கள். எங்கள் ஹம் நகரத்துக் கத்தோலிக்கக் கோயில் மண்டபத்திலும் ஒரு மாலைக் கூட்டம் வைத்தார்கள். அந்தக் கூட்டத்தில் என் தம்பி அன்ரனின் பெயர் அடிபட்டது. ஜேர்மன்காரன் எப்போதோ நடத்திய யுத்தத்துக்கும், யாழ்ப்பாணக் கரையோரத்தில் பிறந்து பத்தொன்பது வயதில் இல்லாமல் போன என் தம்பிக்கும் என்ன தொடர்பு என்று ஊரில் இருந்து வாசிக்கும் நீங்கள் கேட்பீர்கள். அதைத்தான் எழுதப்போகிறேன். எழுதாவிட்டால் எனக்கு நித்திரை வராது. எழுதினால் என் வீட்டுக்காரருக்கு நித்திரை வராது. இந்த முறை நான் நித்திரை கொள்கிறேன்.

எங்கள் கட்டடத்தில் கீழ்வீட்டில் இருப்பவர் ஹெர் க்ளைன். ஹெர் என்றால் இங்கே திருவாளர் மாதிரி; அதைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் ஆட்களுக்கு முகம் மாறிவிடும். எழுபது தாண்டிய மனிதர். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மனைவி செத்துவிட்டா, பிள்ளைகள் இல்லை. நாங்கள் அகதிக் காம்பை விட்டு இந்த வீட்டுக்கு வந்த புதிதில், மற்றவர்கள் எங்கள் கறி வாசத்துக்குக் கதவைச் சாத்திக்கொண்டபோது, கதவைத் தட்டி வந்தவர் அவர் ஒருவர்தான். கையில் ஒரு போத்தல் பிளம்ஸ் ஜாம். சுவரில் தொங்கிய மடுமாதா படத்தைக் கண்டு சிலுவை போட்டுக்கொண்டார். "நீங்களும் கத்தோலிக்கரா?" என்று கேட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டு ஆளாகிவிட்டார்.

அவர் பேசியதெல்லாம் டொச்சில்தான், அதாவது ஜேர்மன் மொழியில். நான் அதை என் தமிழில் எழுதுகிறேன். பிலோமினா என்ற என் பெயர் அவர் வாயில் நுழையவில்லை; 'ஃப்ராவ் மினா', அதாவது திருமதி மினா, என்றுதான் கூப்பிடுவார்.

வெளிநாட்டவர் அலுவலகத்தில் எங்களுக்குத் தெர்மீன், அதாவது சந்திப்பு நேரம், கிடைக்கும் நாட்களில் என்னோடு கூட வருவார். எங்களிடம் இருப்பது 'டுல்டுங்' என்ற கடதாசி. 'உன்னை இப்போதைக்குத் திருப்பி அனுப்பாமல் பொறுத்துக்கொள்கிறோம்' என்பதுதான் அதன் அர்த்தம். வருடக்கணக்காக எங்களைப் பொறுத்துக்கொண்டிருக்கிறார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெண் என்னைப் பார்க்காமலே சத்தமாகப் பேசுவாள், நான் செவிடு என்ற எண்ணம். ஹெர் க்ளைன் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்து, "அவவுக்குக் காது கேட்கும், அம்மணி. மெதுவாகப் பேசுங்கள்" என்பார். அவள் அடங்கிவிடுவாள். அந்த ஒரு வசனத்துக்காகவே அவருக்கு நான் வாழ்நாள் முழுவதும் சோறு போடத் தயாராக இருந்தேன்.

2

அகதியாக ஏற்கச் சொல்லிக் கேட்ட எங்கள் அசூல் வழக்கு ஏன் தோற்றது என்று ஊரில் சொந்தக்காரர் கேட்கிறார்கள். 'உன்ர தம்பியைப் பிடிச்சுக்கொண்டு போனதைச் சொன்னாலே காணுமே' என்று என் மாமி எழுதியிருந்தா. மாமிக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. விசாரணையில் எனக்கும் அதிகாரிக்கும் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்தவர் எங்கள் தமிழர்.

நல்ல மனிதராகத்தான் இருந்தார். விசாரணைக்கு முன்னால் நடைபாதையில், "தங்கச்சி எந்த இடம்? எந்தக் கோயில் பங்கு?" என்று கேட்டார். எனக்குப் பயம் பிடித்துவிட்டது. என் தம்பி எந்தப் பக்கத்தில் நின்று செத்தான் என்று இவரிடம் சொன்னால், ஞாயிற்றுக்கிழமைக்குள் ஹம்மிலும் எசனிலும் ஹனோவரிலும் தெரிந்துவிடும். 'துரோகியின் தமக்கை' என்று பெயர் விழும். ஊரில் அம்மா தனியே இருக்கிறா. கதை அங்கே போனால் அவவுக்கும் கரைச்சல். அதனால் அதிகாரி, "உங்கள் குடும்பத்தில் யாராவது பாதிக்கப்பட்டார்களா?" என்று கேட்டபோது, "தம்பி படகில் இந்தியாவுக்குப் போகும்போது கடலில் போய்விட்டான்" என்றேன். கடலில் போனது விபத்து. விபத்துக்கு அசூல் கொடுக்கமாட்டார்கள்.

இப்படி ஒரு தமிழரின் முகத்தைக் கண்டு வாயை மூடிக்கொண்டு வழக்கைத் தோற்ற சனம் இந்த நாட்டில் எத்தனை என்று ஒருவருக்கும் தெரியாது. நாங்களாகச் சொல்லவும் மாட்டோம்.

3

அன்ரனின் உண்மைக் கதையை நான் இந்த நாட்டில் ஒரேயொரு ஆளிடம்தான் சொன்னேன். அது ஹெர் க்ளைனிடம்.

சகல ஆத்துமாக்களின் திருநாளன்று சேமக்காலையில், கல்லறைத் தோட்டத்தில், மெழுகுதிரி கொளுத்த அவரோடு போயிருந்தேன். அவருடைய தாய்க்கு இங்கே கல்லறை இல்லை. யூகோஸ்லாவியாவில் பனாட் என்ற இடத்தில் தலைமுறை தலைமுறையாக இருந்த ஜேர்மன் சனம் அவர்கள். யுத்தம் முடிந்ததும் அந்தச் சனத்தை முகாம்களில் அடைத்தார்கள். தாய் அங்கே பசியில் செத்தா. பெரிய சிலுவைக்குக் கீழே அவர் ஒரு திரியைக் கொளுத்தினார். பக்கத்தில் நானும் ஒன்றைக் கொளுத்தினேன்.

"அது யாருக்கு?" என்று கேட்டார்.

வெள்ளைக்காரன்தானே, இவர் யாரிடம் போய்ச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். சொன்னேன்.

இந்தியன் ஆமி நாட்டை விட்டுப் போகப்போகிறது என்ற கதை வந்த நாட்கள் அவை. அவர்களோடு சேர்ந்து நின்ற ஒரு இயக்கம், அவர்கள் போன பிறகு தங்களைக் காப்பாற்ற ஒரு படை வேண்டும் என்று பெடியளைப் பிடிக்கத் தொடங்கியது. பஸ்ஸில் பிடித்தார்கள், டியூசன் வாசலில் பிடித்தார்கள். அதற்குத் தொண்டர் படை என்று பெயர். ஒரு நாள் விடிய எங்கள் பகுதியைச் சுற்றிவளைத்து, ஆண்களை எல்லாம் பள்ளிக்கூட மைதானத்துக்கு வரச்சொன்னார்கள். அங்கே ஒரு கதிரையில் தலையாட்டி இருந்தான். வெளியூரில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: தலையிலிருந்து இடுப்பு வரை சாக்குப் போட்டு, கண்ணுக்கு மட்டும் ஓட்டை வைத்த ஒரு ஆள். எங்கள் ஊர் ஆள். எந்த வீட்டில் எந்த வயதில் பெடியன் இருக்கிறான் என்று தெரிந்த ஆள். பெடியள் ஒவ்வொருவராக அவன் முன்னால் போகவேண்டும். அவன் தலையை ஆட்டினால் லொறியில் ஏற்றுவார்கள். அன்ரன் போனான். சாக்கு ஆடியது.

நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன். சாக்குக்குக் கீழே தெரிந்தது இரண்டு கால்கள்தான். பாட்டாச் செருப்பு. இடது பெருவிரல் நகம் கறுத்திருந்தது.

பிறகு ஒரேயொரு தரம் அன்ரனைக் கண்டேன். தலையை ஒட்ட வெட்டி, ஆளைவிடப் பெரிய உடுப்பும் துவக்கும் கொடுத்து முகாம் வாசலில் நிறுத்தியிருந்தார்கள். சோற்றுப் பார்சலை வாங்கிக்கொண்டு, "அக்கா, சப்பாத்துக் கடிக்குது" என்றான். அதுதான் என்னோடு அவன் பேசிய கடைசிப் பேச்சு. இந்தியன் ஆமி கப்பல் ஏறியது. பெடியளைப் பிடித்த தலைவர்களும் போய்விட்டார்கள். இவர்களை அந்த உடுப்போடு அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். மற்ற இயக்கம் வந்தது. அன்ரன் வரவில்லை. உடலும் வரவில்லை. பிடித்துக்கொண்டு போனவர்களுக்கு அவன் ஒரு தலைக்கணக்கு, வந்தவர்களுக்குத் துரோகி.

ஹெர் க்ளைன் முழுவதையும் கேட்டார். என் தோளில் கை வைத்து, "எனக்கு விளங்குகிறது, ஃப்ராவ் மினா. எங்களையும் இப்படித்தான் கொண்டுபோனார்கள்" என்றார். சேமக்காலை வாசலுக்கு வந்ததும் ஒன்று கேட்டார்.

"அந்த ஆள் ஏன் சாக்குப் போட்டிருந்தான்?"

"வெட்கம், பயம். ஊருக்குள்ளே பிறகு முகத்தைக் காட்டவேண்டுமே" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டார். அந்தக் கேள்வியை நான் அப்போது பெரிதாக எடுக்கவில்லை.

அவரிடம் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. இங்கே பிறந்தநாள், சாமத்தியவீடு, ஒளிவிழா என்று எங்கள் சனம் கூடும் இடமெல்லாம் நான் குனிந்து ஆண்களின் கால்களைப் பார்க்கிறேன். அந்த நகம் எப்போதோ விழுந்து வேறு நகம் முளைத்திருக்கும் என்று எனக்கும் தெரியும். தெரிந்தும் பார்க்கிறேன். இந்த நாட்டில் எல்லோரும் சப்பாத்துப் போட்டிருக்கிறார்கள்.

4

என் மகள் டிலானிக்கு இந்த வருடம் உறுதிபூசுதல் என்ற திருச்சடங்கு. கோயிலில் அந்தப் பிள்ளைகளை வைத்துத்தான் ஐம்பதாம் வருடக் கூட்டத்துக்கு ஆயத்தம் செய்தார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தலைப்பு. டிலானியின் குழுவுக்குக் கிடைத்தது, ஜேர்மன் படையில் சண்டை பிடித்த பிற இனத்தவர்கள்.

சமையலறை மேசையில் பெரிய மட்டையை விரித்துப் படங்களை ஒட்டத் தொடங்கினாள். எனக்கு ஹிட்லரின் படை என்றால் எல்லாம் நீலக்கண் வெள்ளைக்காரன் என்ற நினைப்பு. மட்டையைப் பார்த்தால் தலை சுற்றியது. ஒல்லாந்தர், நோர்வேக்காரர், லட்வியர், உக்ரேனியர். பொஸ்னிய முஸ்லிம்களுக்கென்று ஒரு டிவிஷன், தலையில் குஞ்சம் வைத்த சிவப்புத் தொப்பியோடு.

"அம்மா, இந்தியரும் இருந்தவை. பாருங்கோ, டர்பன்" என்றாள்.

"ஹிட்லரோட இந்தியனுக்கு என்ன அலுவல்?"

"பிரிட்டிஷ்காரன்ர ஆமியில இருந்தவையை ஆபிரிக்காவில பிடிச்சவங்கள். பிறகு கேட்டவங்கள், எங்களோட வாறீங்களோ எண்டு." தமிழில் சொல் வராமல் டொச்சுக்குத் தாவினாள். ஆரம்பத்தில் எஸ்.எஸ். படையில் இனம் பார்த்து, உயரம் பார்த்து, பல்லைக்கூடப் பார்த்துத்தான் ஆள் எடுத்தார்களாம். ஆள் செத்துத் தீரத் தீர அளவுகோல் கட்டையாகிப் போனதாம். கடைசியில் இன்ன இனத்துக்கு இன்ன டிவிஷன் என்று கட்டி, சட்டைக் கழுத்தில் அவரவருக்கு ஒரு சின்னம் தைத்துக் கொடுத்தார்களாம். மேலே இருந்து கட்டளை இடுகிறவர்கள் தங்கள் ஆட்கள். கீழே நின்று சாகிறவர்கள் மற்றவர்கள்.

"கன டிவிஷனுக்குப் பேரில 'தொண்டர்' எண்டு இருக்கு. ஆனா கன பேரைப் பிடிச்சுத்தான் கொண்டுபோனவங்கள். பேய்க்கதை என்னம்மா?" என்றாள்.

நான் வெங்காயத்தை வெட்டிக்கொண்டிருந்தேன். கண்ணீருக்குச் சாட்டு இருந்தது.

மட்டையின் நடுவில் யூகோஸ்லாவிய ஜேர்மன் சனத்தை வைத்துக் கட்டிய ஒரு மலைப் படை. அதில்தான் ஹெர் க்ளைன் இருந்தார் என்று அவளுக்குத் தெரியும். தாத்தா முறை வைத்து, பாட்டா என்றுதான் அவரைக் கூப்பிடுவாள். கீழே ஓடிப்போய்க் கேட்டுவிட்டு, துள்ளிக்கொண்டு வந்தாள். "அம்மா, பாட்டா ஓம் எண்டிட்டார். கூட்டத்தில அவர்தான் கதைக்கப்போறார்."

5

நான் வேலை செய்வது ஒரு வயோதிபர் இல்லத்தில். குளிக்க வார்க்கிறது, உடுப்பு மாற்றுகிறது, சாப்பாடு தீத்துகிறது. இந்த வருடத் தொடக்கத்தில் அங்கே ஹெர் ரைஸர் என்று ஒருவர் வந்தார். மகள் ஹம்மில் கலியாணம் செய்திருந்ததால் தெற்கே எங்கேயோ இருந்து கொண்டுவந்து சேர்த்திருந்தாள். ஒரு கால் முழங்காலோடு இல்லை. சக்கர நாற்காலிதான்.

அமைதியான மனிதர். ஒரேயொரு வில்லங்கம். மத்தியானம் கோயில் மணி அடிப்பதற்கு முன்னால் யன்னலைச் சாத்தவேண்டும். வெயில் நாளிலும் சாத்தவேண்டும். மறந்தால், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிடுவார். சத்தம் பிடிக்காத ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

கோயில் கூட்டத்து அறிவித்தலை நான்தான் இல்லத்தில் ஒட்டினேன். அதில் ஹெர் க்ளைனின் முழுப்பெயரும் அவர் பிறந்த ஊரும் இருந்தன. ஹெர் ரைஸர் நாற்காலியைக் கிட்டத் தள்ளி, மூக்குக் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். திரும்ப வாசித்தார்.

"இந்த ஆளை உனக்குத் தெரியுமா?"

"எங்கள் கீழ்வீட்டுக்காரர். தங்கமான மனிதர்" என்றேன்.

"நானும் அந்த ஊர்தான். என்னைக் கூட்டிக்கொண்டு போவாயா? அவனிடம் சொல்லாதே."

பழைய கூட்டாளிகள், இத்தனை வருடத்துக்குப் பிறகு, ஒரே நகரத்தில். எனக்குப் புல்லரித்தது. என் லீவு நாளில், என் கையால் அந்த நாற்காலியைத் தள்ளிக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன்.

6

மண்டபம் நிறைந்திருந்தது. பிள்ளைகளின் மட்டைகள் சுவரில். பின்வரிசைகளில் எங்கள் தமிழ்க் குடும்பங்கள். அவர்களுடைய பிள்ளைகளும் உறுதிபூசுதலுக்கு நிற்கிறவர்கள். கூட்டம் முடிய எல்லோருக்கும் கொடுக்கவென்று எங்கள் பெண்கள் றோல்ஸ் பொரித்துக் கொண்டுவந்திருந்தார்கள். நான் ஹெர் ரைஸரை ஓரத்தில் நிறுத்தி, பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஹெர் க்ளைன் சாம்பல் நிறக் கோட்டுப் போட்டு வந்து, மைக்கைப் பிடித்து, அழகாகப் பேசினார். அவர்களுடைய ஊரில் மேளக்காரன் தெருத்தெருவாக வந்து அறிவித்தானாம். ஜேர்மன் இனத்து ஆண்கள் எல்லோரும் வரவேண்டும் என்றானாம். "எங்களை யாரும் கேட்கவில்லை. கொண்டுபோனார்கள்" என்றார். பிறகு தாயையும் முகாமையும் பசியையும் சொன்னார். சனம் மூக்கை உறிஞ்சியது. நானும்தான்.

டிலானியோடு படிக்கும் ஒரு பிள்ளை கையை உயர்த்தியது. "நீங்கள் இருந்த டிவிஷன் கிராமங்களை எரித்து, பொதுச்சனத்தைச் சுட்டது என்று புத்தகத்தில் இருக்கிறது. நீங்களும் எரித்தீர்களா?"

 ஹெர் க்ளைன் தண்ணீர் குடித்தார். கண்ணால் தேடி, என்னைக் கண்டுபிடித்தார்.

"என்னிடம் கேட்காதே, பிள்ளை. அங்கே இருக்கிறாவே, ஃப்ராவ் மினா, அவவிடம் கேள். அவவுடைய தம்பி அன்ரனுக்குப் பத்தொன்பது வயது. அவனையும் பிடித்து, தலையை வெட்டி, துவக்கைக் கொடுத்து, சொந்தச் சனத்துக்கு எதிராக நிறுத்தினார்கள். பிறகு கைவிட்டுவிட்டுப் போனார்கள். அவனுடைய ஆட்களே அவனைத் துரோகி என்கிறார்கள். அவனைக் குற்றவாளி என்று சொல்வாயா? நானும் அவனும் ஒன்றுதான்."

சனம் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. பின்வரிசை வரைக்கும் பார்த்தது. எங்கள் ஆட்களுக்கு வேறு என்ன டொச் விளங்காவிட்டாலும் அது விளங்கியது. டிலானி மட்டைக்குப் பக்கத்தில் நின்றாள். அவளுக்கும் நான் கடல் கதையைத்தான் சொல்லி வளர்த்திருந்தேன்.

உடம்பில் இருந்ததையெல்லாம் உருவி எடுத்துச் சந்தியில் போட்டதுபோல இருந்தது. ஒரு திரிக்கு முன்னால், இரகசியமாக, அழுது சொன்னது. அதை எடுத்துத் தன் முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டார்.

அப்போதுதான் என் பக்கத்திலிருந்து ஹெர் ரைஸரின் குரல் வந்தது. பெரிய குரலில்லை.

"பீட்டர், அன்று மணி அடித்தது யார் என்று கேட்டாயே. அதையும் சொல்லு."

ஹெர் க்ளைன் கையை நெற்றிக்கு மறைப்பாக வைத்து இந்தப் பக்கம் பார்த்தார். ஆளை மட்டுக்கட்டக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ஹெர் ரைஸர் சனத்தைப் பார்த்துச் சொன்னார். "எங்கள் ஊர்க் கோயிலில் மணி அடிப்பது என் வேலை. எனக்குப் பதினேழு வயது. மேளக்காரன் வந்த பிறகும் நான் போகவில்லை. அம்மா என்னைப் பரணில் சோளக் குவியலுக்குள் ஒளித்து வைத்தா. மணி அடிக்க மட்டும் இறங்கிப் போய்வருவேன். ஆள் எடுக்க வந்தவர்கள் வெளியூர்க்காரர். அவர்களுக்கு எங்களைத் தெரியாது. தெரிந்தவன் ஒருவன் கூட வந்தான். அவன் முதல் ஆளாகத் தானாகவே போய்ச் சேர்ந்தவன். வீடுவீடாகக் காட்டிக்கொண்டு வந்தான். என் அம்மா, மகன் பட்டணத்துக்குப் போய்விட்டான் என்றா. அவர்கள் திரும்பிப்போக வெளிக்கிட்டார்கள். இவன் முற்றத்தில் நின்று சிரித்துக்கொண்டு கேட்டான், அப்படியானால் இன்று மத்தியானம் மணி அடித்தது யார் என்று." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "என்னைக் கொண்டுபோனது இவன்தான். பீட்டர், நீயும் அந்தப் பெடியனும் ஒன்றல்ல."

ஹெர் க்ளைன் மைக்கை வைத்தார். சுவாமியார் எழும்பி, ஒரு பாட்டுப் படிப்போம் என்றார்.

7

கோப்பி குடிக்கும்போது எங்கள் பெண்களில் ஒருத்தியும் எனக்குக் கிட்ட வரவில்லை. மூத்த அக்கா ஒருவர் மட்டும் றோல்ஸ் தட்டோடு என்னைக் கடந்துபோகும்போது நின்றா. "பிலோமினா, கடலில போனவன் எண்டெல்லே சொன்னனீர்?" என்றா. பதிலுக்கு நிற்கவில்லை. தட்டையும் நீட்டவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார்.

"உனக்குச் சொல்லுறதுக்கு உந்தக் கிழவன்தான் கிடைச்சவனோ?"

"வேற ஆரிட்டச் சொல்ல? உங்கட ஆக்களிட்டயோ?"

"தமிழ்ச் சங்கத்துக்கு இனி நான் எப்பிடிப் போறது? நாளைக்கு வந்து கேப்பாங்கள்."

"கேக்கட்டும். என்ர தம்பி களவெடுத்துச் செத்தவனோ?"

இவர் கோபத்தில் வெளியே போய், குளிரில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, சாப்பிடாமல் படுத்தார். கோபம் எனக்கு இவர்மேல் இல்லை. பயந்த மனிதர்.

டிலானி அறையில் இருந்தாள். நான் உள்ளே போனதும், "அம்மா, துரோகி எண்டா என்ன? பின்னால இருந்த பெடியள் என்னைப் பாத்துச் சொன்னவங்கள்" என்று கேட்டாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். சாக்கையும் சொன்னேன். அவள் அழவில்லை. "நான்தான் பாட்டாவைக் கதைக்கக் கேட்டனான்" என்றாள். "நான்தான் அவரைக் கேட்டனான்." அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் அவரைப் பாட்டா என்று கூப்பிடவில்லை.

8

ஞாயிற்றுக்கிழமைகளில் ஹெர் க்ளைன் எங்களுக்கும் சேர்த்து வெதுப்பகத்தில் சின்னப் பாண் வாங்கி, பையைக் கதவில் தொங்கவிடுவார். அந்த ஞாயிறு பையைத் தொங்கவிடவில்லை. கையில் வைத்துக்கொண்டு மணியை அடித்தார். நான் கதவைத் திறந்தேன். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை.

"ரைஸர் என்னைப் பார்க்க மறுக்கிறான். இல்லத்துக்குப் போனேன். கதவைச் சாத்தச் சொல்லிவிட்டான்" என்றார்.

நான் கதவிலிருந்து கையை எடுக்கவில்லை.

"எனக்கு அப்போது பத்தொன்பது வயது, ஃப்ராவ் மினா."

"அன்ரனுக்கும் பத்தொன்பது."

"நீங்களாவது என்னை மன்னியுங்கள்."

"சேமக்காலையில் ஒரு கேள்வி கேட்டீர்களே, அந்த ஆள் ஏன் சாக்குப் போட்டிருந்தான் என்று. ஏன் கேட்டீர்கள்?"

பையை மற்றக் கைக்கு மாற்றினார். "நாங்கள் சாக்குப் போடவில்லை. பகலில், மேளத்தோடு, புது உடுப்போடு போனேன். எல்லோருக்கும் என் முகம் தெரியும். பெருமையாகத்தான் இருந்தது. உங்கள் ஊர் ஆளுக்கு வெட்கமாவது இருந்திருக்கிறது என்று நினைத்தேன்."

குனிந்து பார்த்தேன். வீட்டுச் செருப்போடு வந்திருந்தார், காலுறை இல்லாமல். கிழட்டுக் கால், நீல நரம்புகள், மஞ்சள் நகங்கள். எத்தனை வருடமாக நான் தேடிய கால் இது இல்லை. ஆனால் அந்தக் காலுக்குச் சொல்ல வைத்திருந்த சொற்கள் எல்லாம் வாய் வரைக்கும் வந்தன. எல்லாம் தமிழ். தூஷணமும் இருந்தது. அதையெல்லாம் விழுங்கிவிட்டு, எனக்குத் தெரிந்த டொச்சில், மெதுவாகச் சொன்னேன்.

"ஹெர் க்ளைன், உங்களை மன்னிக்கவேண்டிய ஆள் நான் இல்லை. அது ஹெர் ரைஸர். ஆனால் என் தம்பியை எடுத்து உங்கள் பக்கத்தில் இருத்தினீர்கள். அவன் இருக்கவேண்டியது ரைஸரின் பக்கத்தில். அதை நான் மன்னிக்கமாட்டேன்."

 அவர் பையைக் கதவுப் பிடியில் மாட்டிவிட்டு, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துப் படியிறங்கினார். அலுவலகத்தில் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்த அதே மனிதர்தான். அதுதான் எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது. கெட்டவனாக இருந்திருந்தால் இலகுவாக இருந்திருக்கும். பாணை நான் எடுக்கவில்லை. மாலையில் பார்த்தபோதும் அங்கேயே தொங்கியது.

9

மாதத்தில் ஒரு ஞாயிறு எங்களுக்குத் தமிழ்ப் பூசை. வேறு நகரத்திலிருந்து தமிழ்ச் சுவாமியார் வருவார். செத்தவர்களுக்காகப் பூசை ஒப்புக்கொடுப்பவர்கள் பெயரைக் கொடுப்பார்கள், அந்தக் குடும்பத்து ஆள் ஒருவர் மன்றாட்டு நேரத்தில் வாசிப்பார். பூசை முடிய அந்தக் குடும்பம் எல்லோருக்கும் தேத்தண்ணியும் றோல்ஸும் கொடுக்கும். நானும் வருடா வருடம் ஒப்புக்கொடுப்பேன், 'ஒரு ஆத்துமாவுக்காக' என்று. பெயர் கொடுப்பதில்லை. யார் என்று ஒருவரும் கேட்டதுமில்லை.

இந்த மாதம் பெயரோடு கொடுத்தேன்.

"பேர் சொல்லித்தான் குடுக்கப்போறியோ?" என்று இவர் கேட்டார்.

"ஓம்."

"ஆர் வாசிக்கிறது?"

"நான் வாசிக்கிறன்" என்று டிலானி அறையிலிருந்து சொன்னாள்.

 ஞாயிறு விடிய எழும்பிப் பார்த்தால் இவர் சேட்டை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தார். றோல்ஸ் தட்டுகளைக் காரில் ஏற்றியவரும் அவர்தான்.

கோயிலில் வழமையான சனம். டிலானி எழும்பிப் போய் மைக்குக்கு முன்னால் நின்றாள். அவள் வாயில் 'ற'வும் 'ழ'வும் டொச்சாகிப் பல காலம். வீட்டில் பாடமாக்கியது ஒரு வசனம்தான்: மரித்த எங்கள் மாமா அன்ரனுக்காக மன்றாடுவோம். அதைச் சொன்னாள். முடித்துவிட்டு வருவாள் என்று பார்த்தேன். வரவில்லை. கையால் மைக்கைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்தாள்.

"அவர் கடலில சாகேல்லை. அவரைப் பிடிச்சுக்கொண்டு போனவை. காட்டிக்குடுத்தது ஊர் ஆள். அவருக்குச் சப்பாத்துக் கடிச்சது."

'எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்' என்று சனம் சொல்லவேண்டிய இடம் அது. சுவாமியாரும் காத்துக்கொண்டு நின்றார். எனக்குப் பக்கத்தில் என் வீட்டுக்காரருடைய குரல் மட்டும் தனியாக அதைச் சொன்னது.

நான் அன்றைக்கு ஒருவருடைய காலையும் பார்க்கவில்லை. திரும்பி, நிமிர்ந்து, ஒவ்வொரு வரிசையாக முகங்களைப் பார்த்தேன். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் குனிந்து தங்கள் தங்கள் சப்பாத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.